டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டர்போ பூஸ்டைக் கண்காணிக்க எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தார், பொலிரோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர், வி-கிராஸ் போன்ற டீசல் வண்டிகள் பெரும்பாலும் வேலைக்காக ஓடுபவை. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஷீட்டும் ரப்பர்ப்பால் கேன்களும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் மேடேறும் வண்டிக்கு டர்போவே மூச்சு. அது தளரத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டக்கூடிய ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இங்குள்ள வண்டிக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பூஸ்ட் என்பது எதைக் குறிக்கிறது?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் டர்போவிலுள்ள டர்பைன் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் காற்றை அழுத்தி, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குள் அனுப்புகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு கூடுதல் அழுத்தம் இருக்கிறதோ அதுவே பூஸ்ட். பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல் ஆகிய மூன்று அலகுகளிலும் இதைச் சொல்வார்கள். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.

வண்டியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. எனக்கும் இது தேவையா?

கட்டாயம் இல்லை. ஆனால் மேட்டில் சுமை இழுக்கும் வண்டிக்கு இது பயனுள்ளது என்பதே என் கருத்து. இன்டர்கூலர் ஹோஸ் விரிசல் விட்டாலும், டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாயை எலி கடித்தாலும், ஓட்டுநருக்கு முதலில் தெரிவது "வண்டிக்குப் பழைய இழுவை இல்லை" என்ற ஐயம் மட்டுமே. அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனால், டீசல் ஃபில்டரில் தொடங்கி இன்ஜெக்டர் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் செலவு ஏற்படும். "இதே ஏற்றத்தில் 18 பிஎஸ்ஐ காட்டிய வண்டி இப்போது 11 மட்டுமே காட்டுகிறது" என்று சொல்ல முடிந்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது மெக்கானிக்கல் கேஜ்: மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் நேராக டாஷ்போர்டிலுள்ள மீட்டருக்கு வரும், உள்ளே வளைந்திருக்கும் குழல் அழுத்தத்தால் நிமிர்ந்து முள்ளை நகர்த்தும், மின்சாரம் முள்ளின் விளக்குக்கு மட்டுமே வேண்டும். இரண்டாவது எலக்ட்ரானிக் கேஜ்: அழுத்த சென்சார் இன்ஜின் பக்கமே இருக்கும், கேபினுக்குள் ஒயர் மட்டுமே வரும். மூன்றாவது ஓபிடி (வண்டி தன்னைத்தானே சோதித்துச் சொல்லும் அமைப்பு) வழி: இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஏற்கெனவே தன் சென்சாரிலிருந்து படித்து வைத்திருக்கும் அழுத்தத்தை, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட் வழியாக வாங்கி, கைப்பேசியிலோ தனித் திரையிலோ காட்டுவது.

முதல் இரண்டும் தாமாக அளக்கின்றன. மூன்றாவது ஈசியூ சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறது. தேர்வின் மையமே இந்த வேறுபாடுதான்.

என் வண்டியில் ஓபிடி வேலை செய்யுமா என்பதை எப்படி அறிவது?

வாங்கிய ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நம் நாட்டில் வண்டிப் புகை மாசுக்கான பிஎஸ் 4 விதி 2010-இல் பெருநகரங்களில் தொடங்கியது. நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல்தான். பிஎஸ் 4 கார்களுக்கு ஓபிடியின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. இந்த இடைவெளியின் காரணமாக, 2014-இல் நாகர்கோவிலில் பதிவான ஒரு வண்டி பிஎஸ் 3 ஆகவும் இருக்கலாம். அதில் சாக்கெட் இருந்தும் பொதுவான ஓபிடி செயலிக்குப் பதில் சொல்லாமல் போகலாம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 வண்டிகளில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

எனவே காசு கொடுப்பதற்கு முன் நண்பரின் அடாப்டரையோ பக்கத்து எலக்ட்ரீசியனின் ஸ்கேனரையோ அந்தச் சாக்கெட்டில் மாட்டி, "இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷர்" என்ற வரி வருகிறதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அந்த எண் நகர்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகள் காற்றின் அளவை மட்டும் தந்து, அழுத்தத்தைப் பொது முறையில் தருவதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஓபிடி திரையும் உதவாது.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே செயலி 100 என்று காட்டுகிறது. டர்போ அப்போதே அழுத்துகிறதா?

இல்லை. ஈசியூ தருவது முழு அழுத்தம். அதில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது. கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ. நாகர்கோவிலோ குளச்சலோ, நம் சமவெளி முழுவதும் ஏறத்தாழ இதே அளவுதான். காட்டும் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் வருவதே பூஸ்ட். 220 காட்டினால் பூஸ்ட் சுமார் 120 கிலோபாஸ்கல், அதாவது 17 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். நல்ல செயலிகள் வண்டியின் பாரோமீட்டர் அளவையும் படித்துத் தாமே கழித்துக் காட்டும். உங்கள் செயலி எதைக் காட்டுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இருவர் எண்களை ஒப்பிட்டு வீணாகக் கவலைப்படுவதற்கு, ஒருவர் முழு அழுத்தத்தையும் மற்றவர் பூஸ்டையும் சொல்வதே பெரும்பாலும் காரணம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி அந்த எண்ணைப் பார்ப்பது இலவசமான, மிகப் பயனுள்ள சோதனை. நம் ஊரில் அது 100 அல்லது 101 அருகில் இருக்க வேண்டும். 90 அல்லது 115 என்று காட்டினால் சென்சாரே தவறாக இருக்கலாம். அதன் பின்னர் ஓட்டத்தில் வரும் எந்த எண்ணையும் நம்ப இயலாது.

எவ்வளவு மிதித்தாலும் 255-ஐத் தாண்டவில்லையே, ஏன்?

அது டர்போவின் எல்லை அல்ல. ஓபிடியின் பொதுவான அழுத்த அளவு ஒரே ஒரு பைட்டில் அனுப்பப்படுகிறது. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 255. நம் உயரத்தில் அது சுமார் 154 கிலோபாஸ்கல் பூஸ்ட், அதாவது 22 பிஎஸ்ஐ. தொழிற்சாலை அமைப்பிலுள்ள பல வண்டிகளுக்கு இது போதும். ரீமேப் செய்து (ஈசியூவின் மென்பொருளை மாற்றி) பூஸ்ட் ஏற்றிய வண்டிக்கு இது போதாது. உண்மையில் ஆபத்தான அளவு வரும்போதுதான் இந்த எண் அசையாமல் நிற்கும். அத்தகைய வண்டிக்குத் தனி சென்சார் உள்ள கேஜையே நான் பரிந்துரைப்பேன்.

மலிவான புளூடூத் அடாப்டர் போதுமா?

ஈஎல்எம் 327 என்ற சிப்பின் பெயரில் விற்கும் மலிவு அடாப்டர்கள் பலவும் நகல்கள். அவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும். சில இடையிடையே இணைப்பை விடும், எண்களைத் தாமதமாகத் தரும். ஓபிடி கேள்விக்குப் பதில் என்ற முறையில் இயங்குவதால், திரையில் எத்தனை அளவுகளை வைக்கிறீர்களோ அந்த அளவுக்கு ஒவ்வொன்றும் மெதுவாகப் புதுப்பிக்கப்படும். பூஸ்டைக் கவனிக்க வேண்டுமானால் பூஸ்ட், இன்ஜின் சுற்று, கூலன்ட் வெப்பம் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் அடாப்டர் அதனுடன் சேருமா என்று கேட்பது அவசியம். பழைய வகை புளூடூத் அடாப்டர்கள் அதனுடன் சேர்வதில்லை.

சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். வண்டி பல நாள் ஓடாமல் நிற்குமானால் அடாப்டரைக் கழற்றி வையுங்கள்; பேட்டரி இறங்குவதைத் தவிர்க்கலாம். கடவுச்சொல் கேட்காத அடாப்டரோடு அருகிலுள்ள எந்தக் கைப்பேசியும் இணைய முடியும் என்பதும் கழற்றி வைப்பதற்கு மற்றொரு காரணம்.

ஓட்டும்போது கைப்பேசித் திரையில் பூஸ்டைப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் வந்த திருத்தம், வாகனம் ஓட்டும்போது கைப்பேசி போன்ற கருவியை வழிகாட்டலுக்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த இடம் தருகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மார்த்தாண்டம், தக்கலை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் நெரிசலில் சிறிய எண்களைப் படிக்க முயல்வது நல்லதல்ல. செயலியில் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு ஓட்டுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு வரைபடத்தை அமைதியாகப் பாருங்கள். ஓடும் போதே அளவு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு முள் உள்ள கேஜே சிறந்தது, ஏனெனில் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறதா என்பது படிக்காமலேயே கண்ணோரத்தில் தெரிந்துவிடும்.

பழைய ஜீப், ஈசியூவே இல்லை. என்ன செய்வது?

மெக்கானிக்கல் கேஜ். இதில் இரண்டாம் யோசனைக்கு இடமில்லை. வேலை எளிது, செலவு குறைவு, உதிரிபாகங்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

புதிய காமன் ரெயில் (ஈசியூ கட்டுப்பாட்டில் உயர் அழுத்த டீசல் பாயும்) வண்டிக்கு மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா?

இரண்டிலும் முதல் சிக்கல் அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே. மேப் சென்சாருக்கு (மேனிஃபோல்ட் அழுத்தத்தை ஈசியூவுக்காக அளப்பது) ஹோஸ் போகும் இன்ஜின்களில் அந்த ஹோஸில் ஒரு டி இணைப்பைப் போட்டால் போதும். சென்சார் நேரடியாக மேனிஃபோல்டிலோ இன்டர்கூலர் குழாயிலோ பதிந்திருக்கும் இன்ஜின்களில், சென்சாருக்கு அடியில் வைக்கும் துளையுள்ள ஸ்பேசர் தேவைப்படும். மேனிஃபோல்டிலேயே துளை போட முன்வருபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு உலோகத் துகள் உள்ளே விழுந்தால் இன்ஜினே பாழாகும். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலிருந்து எடுத்தால் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும், இன்டர்கூலருக்குப் பின்பு வரும் ஹோஸ்களில் ஏற்படும் கசிவின் அளவும் சரியாகத் தெரியாது. ஆகவே மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து எடுப்பதே சரி.

மெக்கானிக்கல் கேஜில் ஹோஸ் கேபினுக்குள் வருகிறது. ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) உள்ள டீசலில் மேனிஃபோல்ட் காற்றில் கரியும் எண்ணெய்ப் படலமும் இருக்கும். காலப்போக்கில் மெல்லிய ஹோஸ் அடைத்துக்கொள்ளும், முள் மந்தமாகும். ஹோஸ் கழன்றால் அந்தப் புகைக்காற்று கேபினுக்குள்ளேயே வரும். எலக்ட்ரானிக் கேஜில் இந்தத் தொல்லைகள் இல்லை. உச்ச அளவை நினைவில் வைப்பது, எல்லை மீறினால் ஒலி எழுப்புவது போன்ற வசதிகளும் உண்டு. விலை கூடுதல்தான், இருப்பினும் புதிய வண்டிக்கு எலக்ட்ரானிக்கையே வாங்குவேன்.

எந்த அளவுள்ள கேஜை வாங்க வேண்டும்?

கடைகளில் கிடைக்கும் கேஜ்களில் பல பெட்ரோல் டர்போவுக்கானவை. அவற்றில் முகப்பின் பாதி வேக்குவம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) அளவுக்கே போய்விடும். டீசலில் மேனிஃபோல்டில் பயன்படத்தக்க வேக்குவம் கிடையாது. எனவே பூஜ்ஜியத்தில் தொடங்கி 30 பிஎஸ்ஐ அல்லது 2 பார் வரை உள்ளதை வாங்குங்கள். வழக்கமான முகப்பு 52 மில்லிமீட்டர்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

முன் கண்ணாடித் தூணில் பொருத்துவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது தூணின் உள்ளுறைக்குப் பின்னால் இருக்கலாம், அங்கே திருகு போடவே கூடாது. டாஷ்போர்டின் மேல், சாலையை மறைக்காத இடம் போதும். ஒயரையோ ஹோஸையோ இன்ஜின் பக்கத்திலிருந்து கொண்டுவர, ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டை (தகட்டுத் துளையின் விளிம்பை மூடும் வளையம்) பயன்படுத்துங்கள். வெறும் தகட்டுத் துளையின் விளிம்பு சில மாதங்களில் ஒயரை அறுத்துவிடும். மின்சாரத்தைச் சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் சர்க்யூட்டிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ஈசியூவின் மேப் சென்சார் ஒயரை வெட்டி அதிலிருந்து சிக்னல் எடுக்கும் குறுக்குவழியை எலக்ட்ரீசியன் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் இன்ஜினின் எரிபொருள் கணக்கே பிழையாகும், வாரன்டிக் கோரிக்கையும் சிக்கலாகும். வாரன்டி உள்ள காலத்தில் எதையும் வெட்டாத ஓபிடி வழியோடு நிறைவடைவதே பாதுகாப்பு.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சென்சார் கனெக்டரில் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய கிரீஸ் தடவி, வாயைக் கீழ்நோக்கி வைத்துப் பொருத்துங்கள். கிளாம்ப்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும், டி இணைப்பு பித்தளையாகவும் இருக்கட்டும்.

எத்தனை பிஎஸ்ஐ இருந்தால் சரி?

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஐடிலில் ஏறத்தாழ பூஜ்ஜியம், சமதளத்தில் சீராக ஓடும்போது ஒற்றை இலக்கம், முழுச் சுமையில் மேடேறும்போது காமன் ரெயில் இன்ஜின்கள் பலவற்றில் 1 முதல் 1.5 பார் வரை என்று பொதுவாகச் சொல்லலாம். அதைவிட மதிப்புள்ளது உங்கள் வண்டியின் சொந்த வழக்கம். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே, இன்ஜின் சூடான பின், ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஒரே சுற்றில், ஏறக்குறைய ஒரே சுமையோடு முழுவதும் மிதித்து வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்கள் இதற்கு ஏற்றவை. நெரிசல் இல்லாத காலை நேரமாக இருக்கட்டும், வனத்துறை அனுமதி வேண்டிய பாதைகளை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் சுமை இல்லாமல் டர்போ முழு அழுத்தத்தைத் தருவதில்லை.

எண் மாறினால் எதைச் சந்தேகிப்பது?

வழக்கத்தைவிடக் குறைந்து, கறும்புகையும் காற்று சீறும் ஒலியும் சேர்ந்து வந்தால் முதலில் இன்டர்கூலர் ஹோஸ்களைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இருக்கும். அந்த இடம் எண்ணெய் கசிந்து ஈரமாகத் தெரியும். அழுத்தப்பட்ட காற்று வெளியேறுகிறது, ஆனால் அளந்த காற்று முழுவதும் உள்ளே வந்துவிட்டதாக எண்ணி ஈசியூ அதற்கேற்ற டீசலைத் தருகிறது; எரியாத மிச்சமே அந்தக் கறும்புகை.

புகை இல்லாமல், குறைந்த சுற்றிலிருந்தே பூஸ்ட் எழத் தாமதித்தால் வேக்குவம் குழாய், சோலினாய்டு வால்வு, ஆக்சுவேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். குழாய்க்கு ஆகும் செலவு அற்பம். அதைப் பார்க்காமலேயே டர்போவை மாற்றச் சொல்வது இங்கு நடக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாறாக, எண் வழக்கத்தைத் தாண்டிப் பாய்ந்து, உடனே வண்டி இழுவை இழந்து லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காக்க ஈசியூ சக்தியைக் குறைக்கும் நிலை) போனால், டர்போவின் அசையும் இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கலாம். எப்போதும் டவுனுக்குள் குறைந்த சுற்றிலேயே ஓடும் வண்டிகளில் இது அதிகம். ஈசியூ கேட்ட பூஸ்டையும் கிடைத்த பூஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்கேனர் இங்கு பெரிதும் உதவும். கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேட்ட அளவை அது அறியாது.

பூஸ்ட் சரியாக இருந்தால் இன்ஜின் பத்திரம் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஜல்லிக் குவாரிச் சாலைகளின் தூசியில் ஏர் ஃபில்டர் அடைத்தாலும், டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அதே பூஸ்டைத் தர முயலும். எண் மாறாது, புகையின் வெப்பம் ஏறும். ரீமேப் செய்த வண்டிக்கும், டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் டர்பைனுக்கு முன்னுள்ள புகையின் வெப்பத்தை அளக்கும் கேஜ் பூஸ்ட் கேஜைவிட முக்கியமானது. இரண்டில் ஒன்றுக்கே பணம் இருக்கிறதென்றால், அத்தகைய வண்டிக்கு நான் வெப்ப கேஜையே தேர்ந்தெடுப்பேன்; பூஸ்டை ஓபிடியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டிக்குப் போனபோது எண்கள் மாறின. ஏதும் பழுதா?

பழுது அல்ல. 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். அங்கே சாவியை மட்டும் திருப்பினால் ஓபிடி அந்த எண்ணையே காட்ட வேண்டும். இன்ஜினுக்கு அதே அளவு காற்றைத் தர டர்போ இங்கிருப்பதைவிட அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். அது அளவுக்கு மீறிச் சுழலாமல் இருக்க ஈசியூ பூஸ்டையும் டீசலையும் குறைக்கலாம். எனவே மலையில் எடுத்த எண்ணை நாகர்கோவிலில் எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கேஜ் ஒன்று காட்டுகிறது, ஓபிடி வேறொன்று காட்டுகிறது. எதை நம்புவது?

முதலில் இரண்டையும் ஒரே அலகுக்கும் ஒரே வகைக்கும் கொண்டுவாருங்கள். 1 அல்லது 2 பிஎஸ்ஐ வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். வேறுபாடு அதைவிடப் பெரிதென்றால், இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜ் பூஜ்ஜியத்திலும், சாவி திருப்பியதும் ஓபிடி 100 அருகிலும் நிற்கின்றனவா என்று பாருங்கள். எது தவறுகிறதோ அதன் பக்கமே கோளாறு. இரண்டும் சரியாக நின்று, ஓட்டத்தில் மட்டும் கேஜ் குறைத்துக் காட்டினால், கேஜுக்குப் போகும் ஹோஸில் கசிவோ அடைப்போ இருக்கும். கேஜ் கூடுதலாகவும் ஓபிடி குறைவாகவும் காட்டி, வண்டியும் இழுவை இழந்திருந்தால், மேப் சென்சாரின் வாயில் கரி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றி, சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகு பொருத்தி, முன்பு குறித்து வைத்த அதே ஏற்றத்தில் மீண்டும் ஒரு முறை அளந்து பாருங்கள்.